கூப்பிட்டால் கேட்கும் தூரம்

லாரி ஓட்டிப் பிழைத்தவர் அவர். பாதி ஆயுசை ரோட்டிலேயே கழித்ததால், காத்திருக்கிற வேலை முழுக்க மனைவியின் தலையில் விழுந்திருந்தது. கடைசியில் அவளுக்காக அவர் காத்திருக்க வேண்டி வந்தது. அதில் கோட்டை விட்டுவிட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் கிடந்தாள். கூட வந்தவர்கள் உட்காரும் கூடத்தைப் பூட்டி, உடைந்த கட்டில்களை அதில் அடைத்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் வெளியே நடைபாதைதான் கதி. மழை பிடித்துக்கொள்ள, அவர் எதிர்க்கடை ஓரம் ஒதுங்கினார். நர்ஸ் வாசலுக்கு வந்து கூப்பிட்டது பஸ் இரைச்சலில் காதில் விழவில்லை. அவர் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

“உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றாள் நர்ஸ். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அது முள்ளாய்த் தைத்து நின்றுவிட்டது.

மகள் தன் ஊருக்குத் திரும்பிய பிறகு வீடு வாயடைத்துப் போயிற்று. ஒரு ஆளுக்குச் சமைக்க அவருக்குக் கை வரவில்லை, எப்போதும் மீந்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போய், அந்தக் கூடத்தைத் திறந்துவிடச் சொன்னார். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி போனார், அதே பார்க்கலாம். பிறகு போலீஸ் ஸ்டேஷனில், ஆஸ்பத்திரி வாசலில் ஓர் அட்டையோடு தனியாளாக நிற்கலாமா என்று கேட்டார். வழியை மறிக்கக் கூடாது, மைக் கூடாது என்று சொல்லி இன்ஸ்பெக்டர் அனுமதித்தார்.

‘கொலைகார ஆஸ்பத்திரி’ என்று சிவப்பில் எழுதித் தருவதாக மச்சினன் குதித்தான். அக்காவைப் பறிகொடுத்தவன்; கொதிப்பு இருக்காதா? ஆனால் அவர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்: ‘கூடத்தைத் திறந்துவிடுங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் எங்களை இருக்க விடுங்கள்.’

ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தை விட்டுத் தள்ளி நின்றார். வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமென்று அவருக்குத் தெரியாதா? காலையில் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்ததும் போவார். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவர் பிச்சை என்று நினைத்துக் காசை நீட்டினார். அவர் அட்டையைக் காட்ட, அந்த ஆள் படித்துவிட்டுக் காசைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். சில நாள் அவர் பேசியதே கேட்டில் நின்ற காவலாளியிடம் சொன்ன வணக்கம் மட்டும்தான்.

ஒரு காலை மச்சினன் கூட்டத்தோடு வந்து கேட்டை மறித்து நின்றான். கோஷம் காதைப் பிளந்தது. உள்ளே வர வேண்டிய ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு நின்றது. அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே போனார்.

“மாப்ள, வழிய விடச் சொல்லு. அந்த வண்டிக்குள்ள யாரோ ஒருத்தர் இருக்காங்க.”

“உங்களுக்காகத்தான மாமா வந்தோம்.”

“தெரியுது. ஆனா இப்படி வேணாம்.”

“அப்ப தனியாவே நின்னு சாவுங்க.”

கூட்டம் கலைந்தது. மச்சினன் அன்றைக்குப் போனவன்தான், அப்புறம் போன்கூடப் பண்ணவில்லை. அவளைப் பற்றிப் பேச இந்த ஊரில் அவருக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

நடைபாதையில் காத்துக் கிடந்தவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். மறுநாள் ஓர் அம்மாள் வந்து, நானும் நிற்கட்டுமா என்று கேட்டு ஓரமாக நின்றாள். அப்புறம் ஒரு பெயின்டர், ஒரு கல்லூரிப் பெண் என்று வரிசை நீண்டது. ஆனால் யாரும் நிலைக்கவில்லை. நோயாளி குணமாகிப் போனால் அவர்களும் போய்விடுவார்கள், இறந்தாலும் போய்விடுவார்கள். பேர் தெரிவதற்குள் முகம் மாறியது. நடுவில் அவர் மட்டும் மாறாமல் நின்றார்.

ஒருநாள் தலைமை டாக்டரம்மா காரிலிருந்து இறங்கி அட்டையைப் படித்தார். யார் மேல் நடவடிக்கை வேண்டும் என்று கேட்டார்.

“யார் மேலயும் வேணாம்மா. அந்த நர்ஸ் கூப்பிடத்தான் செஞ்சாங்க. எனக்குத்தான் கேக்கல. இனிமே வர்றவங்களுக்குக் கேக்கணும்.”

டாக்டரம்மா அங்கேயே நின்று, வரிசையில் இருந்தவர்களிடமும் விசாரித்தார். அந்த மாதம் முடிவதற்குள் கட்டில்கள் வெளியேறின. கூடத்தில் பெஞ்சுகள் வந்தன. பேர் சொல்லிக் கூப்பிட ஸ்பீக்கரும் வைத்தார்கள்.

திறந்த அன்று அவரும் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் உடம்பு எழப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த பெண், “உங்களுக்கு யாருங்க உள்ள?” என்று கேட்டாள்.

“யாருமில்லம்மா” என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒருத்திக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்து மச்சினனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.