கண்ணாடித்தாளுக்குள் பழைய சட்டைகள்

சுங்கக் கிடங்கின் நீண்ட மேசைமேல் முதற்பெட்டியைப் பிரித்ததுமே மதிப்பீட்டு அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அவர் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்துக்கு அட்டை வைத்து, மடிப்புக் கலையாமல், கண்ணாடித்தாள் உறைக்குள் அது கடையிலிருந்து அப்போதுதான் இறங்கியதுபோல் மினுங்கிற்று.

"உடுத்தின துணி, தர்மத்துக்குன்னு எழுதியிருக்கீங்க. இது உடுத்தினதாம்மா? நாளைக்கே கடை விரிக்கலாம் போலிருக்கே!"

குழந்தைகள் காப்பகத்தின் மேலாளரான அவள் உறையை உற்றுப் பார்த்தாள். உடுத்திய துணியாயின் சுங்கத் தீர்வை இல்லை. புதிய சரக்காயின் முழுத் தீர்வை. அதைச் செலுத்தக் காப்பகத்தால் இயலாது. அன்று மாலை நான்கு மணிக்குள் சரக்கை மீட்காவிடில் அது ஏலத்துக்குப் போய்விடும். நாற்பது பிள்ளைகள் குளிர்காலத்தை வெறுஞ்சட்டையோடு கழிக்க வேண்டியதுதான்.

"மேடம், இதை அனுப்பின உங்க அக்கா தர்மம் பண்றாங்களா, ஜவுளிக்கடை நடத்துறாங்களா?" என்று காதோடு கேட்டார் சுங்க முகவர். எந்தத் தாளைக் கண்டாலும் முத்திரை தேடும் அவருக்கு அங்கே 'ரப்பர் ஸ்டாம்பு' என்றே பெயர்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கடல்கடந்த ஊரில் வீடுவீடாகத் துணி சேகரித்து, துவைத்து, கிழிசல் தைத்து, தேய்த்து, இரண்டு மாதம் முதுகொடிய உறையிட்டவள் அக்காள். "குடுக்கிறதுன்னா வாங்குறவங்க கை கூசக்கூடாதுடி" என்பாள். சிறுவயதில் கறைபடிந்த இரவல் கவுனோடு பள்ளிக்கூடம் போனவள் அவள்.

"சார், அந்த முழங்கைய உள்பக்கமாத் திருப்பிப் பாருங்களேன்."

அதிகாரி உறையை நீக்கித் திருப்பினார். அதே நிறக் கம்பளி நூலால் ஓர் ஓட்டை இழையிழையாக அடைக்கப்பட்டிருந்தது. அடுத்த சட்டையில் மூன்றாம் பித்தானின் நூல் வேறு. ஒரு கவுனில் கீழ்மடிப்பைப் பிரித்து நீட்டிய பழைய கோடு. நம்பிக்கை வராமல் தாமே வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பத்து உருப்படிகளை எடுத்துப் பார்த்தார். பத்திலும் அதே கைவேலை.

"உடுத்தினதுன்னே எழுதுறேன். ஆனா உறையோட வெளிய விட முடியாதும்மா. கடைக்குப் போகாதுன்னு எனக்கென்ன உறுதி? எல்லாத்தையும் இங்கயே கழட்டுங்க."

முதல் உறையைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், கிழித்தாள். ரப்பர் ஸ்டாம்பும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கணுக்கால் ஆழத்துக்குத் தாள் சரசரத்தது. நான்கடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், கடைசி உறையை அதிகாரியே கிழித்துப்போட்டுக் கையொப்பமிட்டார்.

அந்நேரம் அக்காளே அழைத்தாள்.

"கைக்கு வந்துச்சாடி? உறையோடயே குடு. பிள்ளைங்களே பிரிக்கட்டும்."

அவள் தரையை நோக்கினாள்.

"உறை இல்லக்கா. எல்லாத்தையும் கிழிச்சுட்டோம்."

"ஏன்டி?" என்றது மறுமுனையில் குரல், இறங்கி.

"புதுச் சரக்குன்னு சொல்லி அதிகாரி தீர்வை கேட்டுட்டாருக்கா. உன் தையலக் காட்டித்தான் மீட்டோம்."

"புதுசுன்னா நெனச்சாரு?"

"ஆமாக்கா."

"தினமும் சரக்குப் பாக்குற ஆளா?"

"அவர் வேலையே அதுதான்."

அக்காள் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"சரி சரி," என்றாள் பிறகு. "மடிப்பாவது கலையாம எடுத்துட்டுப் போ."