சோளம் விதைத்த நிலம்

"கடைசி அத்தியாயத்தில ஒரு பந்தி மிச்சம். எழுதும்," என்று எட்வேட் சொன்னபோது, அவருடைய மனைவி பெர்னடெற் ஈரப் பஞ்சால் அவர் உதடுகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பஞ்சை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். தாள் இல்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியலைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

எட்வேட் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். லண்டனில் ஏழு வருடமாகக் கார் பார்க்கில் காவல் வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் நூலகத்தில் இருந்து, அமெரிக்காவில் முதன்முதல் குடியேறிய ஆங்கிலேயரின் கடிதங்களையும் இரங்கற்பாக்களையும் வாசித்து ஆய்வு எழுதினார். செத்துப்போன வெள்ளைக்காரரோடு இருக்கும் பேச்சு தன்னோடு இல்லை என்று பெர்னடெற் அவருடைய தங்கை பியற்றிஸிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

வலிக்குக் கொடுத்த மருந்து அவரை எங்கெங்கோ கொண்டுபோனது. காலையில் கட்டில் கப்பலாகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆர்ச்வே வீதியை மூடிய பனிமூட்டம் கடல். இரண்டு நாள் நித்திரையில்லாத அவளுக்கும் தரை மெல்ல அசைவதுபோலிருந்தது.

"முதல் மாரியிலயே பாதிச் சனம் செத்துப்போச்சுது," என்றார். "எத்தினை பேர் மிச்சமெண்டு அங்கத்தைச் செவ்விந்தியருக்குத் தெரியக்கூடாது. குழியளை மட்டமாக்கி, மேல சோளம் விதைச்சவையாம். எழுதினீரோ?"

"ஓம்."

கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார்.

"கிணத்தடியில இருந்து மேற்கால ஏழு கவடு எட்டி வைக்கவேணும். மதிலோட மாதுளை. அதுக்குக் கீழ. ஆமி கிண்டிப்போடுவாங்கள் எண்டு நான் சிலுவை வைக்கேல்லை. கீரை விதைச்சு விட்டனான். உம்மட நீலச் சீலையாலதான் சுத்தினனான்."

பேனா நின்றது. அது அமெரிக்கா இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த கோடிப்புறம்.

எண்பத்தேழில் ஷெல்லடியில் காயப்பட்டு அவள் நினைவில்லாமல் கிடந்த இரண்டு நாட்களுக்குள், அதே ஷெல்லில் செத்துப்போன நாலு வயது மகள் றோஸ்மலரை அவர் தனியாகப் புதைத்துவிட்டிருந்தார். எங்கே என்று ஒருமுறை கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு இருவரும் பிள்ளையின் பெயரையே எடுக்கவில்லை.

"எத்தினை கவடு?"

"ஏழு."

எழுதினாள்.

"நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடேக்க கீரை முளைச்சிட்டுது," என்றார். "நல்ல பச்சை."

அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைதான் தோண்டியிருக்கும். வெளியே பனிமூட்டம் கலையவில்லை. மூச்சு எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு வந்த நேர்ஸ்தான் அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

தெற்கு லண்டன் மோர்டனில் இருந்து பியற்றிஸ் வந்துசேர நாலரையாகிவிட்டது. அண்ணை கடைசியாக என்ன சொன்னார் என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"ஆய்வை முடிச்சிட்டார்," என்றாள் பெர்னடெற்.

அடக்கத்துக்குப் பாதருக்குப் போன் எடுக்க வேண்டும். லிப்டில் ஏறியவள் பொத்தானை அழுத்தாமலே நின்றாள். கதவு மூடியது. கீழே யாரோ அழைத்திருக்க வேண்டும். லிப்ட் தானாக இறங்கத் தொடங்கியது.