கென்கே அக்கா பாட்டு

மென்சிமா எங்கள் பள்ளி வாசலில் கென்கே விற்பவள். சோளமாவைப் புளிக்கவைத்து, உருட்டி, வாழைச்சருகில் கட்டி அவித்து, பெரிய அலுமினியச் சட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். எங்கள் கடலோர ஊரான சால்ட்பாண்டில் அவளிடம் வாங்கித் தின்னாத ஆசிரியர் கிடையாது.

மூன்றாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்துக்கு அமிசா மாஸ்டர் ஒரு கதை எழுதினார். அதில் சாப்பாடெல்லாம் பேசும், சண்டை போடும். பிஸ்கட் இளவரசி, கென்கே குளிக்காத சோம்பேறி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பாட்டு:

"கென்கே அக்கா, கென்கே அக்கா, கிட்ட வராதே,
புளிச்ச நாத்தம் மூக்கைத் துளைக்குது, ஒட்டி நிக்காதே."

படங்கள் வரைந்தவள், அதே பள்ளியில் டீச்சரான நான்.

ஒரே வாரத்தில் பிள்ளைகள் அதை மென்சிமாவின் முகத்துக்கு நேரே பாடினார்கள். அவள் சிரித்துக்கொண்டே விரட்டினாள். மறுநாள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் மகள் அராபா, கட்டிக்கொடுத்த கென்கேயைச் சாக்கடையில் வீசிவிட்டு, அம்மாவைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மென்சிமா நேராக ஆசிரியர் அறைக்கு வந்தாள். சட்டியை இறக்கி மேசைமேல், மாஸ்டரின் நோட்டுகள்மேலேயே வைத்தாள்.

"யார் நாறுறா, மாஸ்டர்?"

"உன்னைச் சொல்லலம்மா. அது கதை உத்தி. உயிரில்லாததுக்கு உயிர் குடுத்தா புள்ளைங்களுக்குப் புடிக்கும்."

"உயிர் குடுத்தீங்க, சரி. என்னோடதுக்கு மட்டும் ஏன் அழுக்கும் குடுத்தீங்க? தினம் பத்து மணிக்கு ரெண்டு உருண்டை, மிளகாய் அரைச்சது தனியா கேட்டுத் தின்ன வாய்தானே இது?"

"கதைன்னா ஒரு கெட்டவன் வேணும், மென்சிமா."

"ஊர்ல வேற கெட்டவனே கிடைக்கலியா? பிஸ்கட்டுக்கு வெள்ளை கவுன். கென்கேக்குக் கிழிஞ்ச துணி. அந்தப் படத்தைப் போட்டது யாரு?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாசிங்க, மாஸ்டர். முழுசா. என் முன்னாடி."

அவர் வாசித்தார். குரல் உள்ளே போயிற்று. பாட்டு வந்த இடத்திலெல்லாம் "சத்தமா" என்றாள். முடிந்ததும் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சட்டியைக் கழுவறப்போ எனக்கே வாயில வருது. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருந்தா மறந்திருப்பாங்க. நீங்க பாட்டா கட்டி விட்டுட்டீங்க."

மாஸ்டர் முடிவை மாற்றி எழுதினார். கென்கே குளித்தது, ஜெயித்தது. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், மணி அடித்ததும் பழைய பாட்டையே பாடிக்கொண்டு ஓடினார்கள்.

மென்சிமா கடையை மீன்படகுத் துறைக்கு மாற்றிக்கொண்டாள். போன சனிக்கிழமை அங்கே போய் வரிசையில் நின்றேன். படகுக்காரர்கள் சுடச்சுட வாங்கித் தின்றார்கள். என் முறை வந்தது. என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், இது நாறும்," என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கட்டைப் பிரித்தாள்.