ராஜாவின் கூடாரம் நின்ற ஊர்

வெனிஸிலிருந்து வந்த பர்த்தோலோ சாமிக்கு எங்கள் ராஜாவைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்திருந்தது. ராஜாவின் பெயர் யோவானாம். பாதிரியாரும் அவரேயாம். எழுபது சிற்றரசர்கள் நின்று அவருக்குப் பந்தி பரிமாறுவார்களாம். ஜெருசலேமில் ஹபஷ் நாட்டுத் துறவிகளான எங்கள் மடத்து முற்றத்தில் தோலில் தான் வரையும் தேசப்படத்தை விரித்துவைத்து, இதையெல்லாம் அவர் அரபியில் அளந்தபோது, வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்த ஹப்தே அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எங்கள் துறவிகளில் மூத்தவர் அவர்; எங்கள் எல்லோருக்கும் அப்பா.

"யோவானா? இத்தனை வயசுக்கு அப்படி ஒரு ராஜாவை நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

பர்த்தோலோ சாமி சிரிக்கவில்லை. தோலில் நைல் நதி ஓடியது, மலைகள் நின்றன. நடுவில் மட்டும் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது.

"தலைநகரம் எங்க இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நான் கப்பலுக்குக் கிளம்பணும்."

"அது ஓரிடத்துல நிக்காது சாமி," என்றேன் நான். "ராஜா கூடாரம் எங்கயோ அங்கதான் தலைநகரம். விறகு தீர்ந்தா வேற இடம்."

"நடக்கிற ஊரை நான் எப்படி வரையறது சகோதரி? நிக்கிற ஊரா ஒண்ணு சொல்லுங்க."

"அக்ஸும்னு போட்டுக்கோங்க, பழைய ராஜாக்களோட தலைநகரம்," என்றார் அப்பா.

"எங்க ஊரைப் போடுங்க," என்று வாய் முந்திக்கொண்டது எனக்கு.

"அடியே அமத்தா, கன்னியாஸ்திரீக்கு ஊர் ஏது? பொய் வேற சொல்லப் போறியா?"

"பொய் என்ன அப்பா? ஒரு மழைக்காலம் முழுக்க ராஜா எங்க ஊர்லதான இருந்தார்?"

இருந்தார். பதினொரு வீடு எங்கள் ஊர். சுற்றிலும் காட்டு ஒலிவ மரங்கள். அந்த விறகின் புகையில் அம்மா பால்குடத்தைக் கவிழ்த்து வைப்பாள். பாலில் அந்த வாசனை ஏறிவிடும். இங்கேயும் ஒலிவ மரத்துக்குப் பஞ்சமில்லை. எரித்துப் பார்த்துவிட்டேன், அந்த வாசனை வரவில்லை. ஆயிரக்கணக்கான கூடாரங்களோடு ராஜா வந்தபோது, புத்தி கெட்ட நாங்கள் கைகொட்டிப் பாடி வரவேற்றோம். நான்கே மாதத்தில் தானியக்குழி காலி, மாடுகள் காலி, மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர் விறகு தேடி வேறு இடம் போனார். விதைக்க மணியில்லாமல் நாங்கள் திசைக்கொருவராகப் போனோம். அம்மா வழியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே இப்போது யாருமில்லை என்று தெரிந்தால் பர்த்தோலோ சாமி எழுதுவாரா? அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு என் கதை முழுக்கத் தெரியும். கடலையை மென்று விழுங்கிவிட்டு, "ஆமா, ராஜா அங்கதான் இருந்தார்," என்றார் அப்பா.

"பெரிய ஊரா?"

"எங்களுக்குப் பெரிசு," என்றேன்.

தோலில் மூன்று கோபுரம் எழும்பியது. மதில் எழும்பியது. பிறகு, எங்கள் வீட்டுமேலேயே சிம்மாசனம் போட்டு ராஜாவை உட்காரவைத்தார்.

"அந்த ஆளை எடுத்துடுங்க சாமி."

"ராஜா இல்லாத ஊரை யார் பார்ப்பாங்க? வேண்டாம்னா சொல்லுங்க, மொத்தமாச் சுரண்டிட்டு அக்ஸும்னு எழுதிடறேன்." கத்தியை எடுத்தேவிட்டார்.

"ஐயோ, வேண்டாம்! இருந்துட்டுப் போகட்டும்."

"பேர் என்ன?"

சொன்னேன். கோபுரங்களுக்கு மேலே சிவப்பு மையால் எழுதி, ஊதி உலர்த்தினார்.

"வாசிச்சுக் காட்டுங்க," என்றேன்.

"வொய்ராமேதா," என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக என் வாயைத் தவிர வேறு வாய் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க சாமி," என்றேன்.