இடது பிளவின் இருமல்

ராதிகாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், அவள் புருஷன் பாலுவின் கிட்டாரில் இடப்பக்கத்துப் பிளவிலிருந்து அவள் இருமலும் வலப்பக்கத்துப் பிளவிலிருந்து அவள் சிரிப்பும் கேட்கத் தொடங்கின. ஆரணியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் பட்டு நூல் விலை ஏறியிருந்தது. ஊருக்கு அந்தக் கவலையே போதும்.

பாலுவுக்குப் பட்டுத்தறி பிழைப்பு, முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரி. அவனுடையது மேல்பலகை வில்லாகப் புடைத்த ஆர்ச்டாப் கிட்டார். மற்ற கிட்டார்களுக்கு நடுவில் வட்டமாக ஒரே வாய் இருக்கும்; இதற்கு இங்கிலீஷ் எஃப் எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் நெளிந்த பிளவுகள். தெருவே வந்து காது வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டார் தங்கள் வட்டவாய்க் கிட்டாரில் கேட்டுப் பார்த்தார்கள், வெறும் காற்றுதான். களம்பூரிலிருந்து ஒருவர், பூனைக்கண் வடிவத்தில் துளை போட்ட கிட்டாரோடு பஸ் ஏறி வந்தார், செத்துப்போன தம்பியின் குரல் வருமா என்று. பாவம், வெறுங்காதோடு திரும்பினார்.

சிரிப்புக்காகத்தான் பாலு உயிரோடு இருந்தான். இருமல்தான் அவனைக் கொன்றது. அவளுடைய கடைசி மழைக்காலம் முழுக்கக் கேட்ட அதே வறட்டு இருமல். கேட்டதும் தறியில் ஊடுநூல் நாடா எறியும் கை அப்படியே நின்றுவிடும். தறிக்காரன் கண்ணுக்குப் பிளவு என்றாலே பழுது. புடவையில் இழை விட்டுப்போனால் செய்வதையே இதற்கும் செய்தான். இடது பிளவின் குறுக்கே பட்டிழை கோத்து, இடைவெளி தெரியாமல் நெருக்கி, மேலே கஞ்சி தடவிக் காயவைத்தான். வேலை அவ்வளவு சுத்தம். இருமல் நின்றது. கூடவே சிரிப்பும் நின்றது.

கச்சேரியில் கீபோர்டு வாசிக்கும் சதீஷ் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னாண்ணே பண்ணி வச்சிகீற? வாய்தான் ரெண்டு, வயிறு ஒண்ணுதானே. ஒண்ண அடச்சா மூச்சு எப்படி வரும்?"

"அவ இருமறத கேட்டுகினு என்னால இருக்க முடியலடா," என்றான் பாலு. "சிரிப்பு மட்டும் போதும்னு பாத்தேன்."

அன்றே இழைகளை அறுத்தெறிந்தான். ஆடி போய் ஐப்பசியும் போனது. கிட்டார் ஊமையாகக் கிடந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தறியில் பாதிப் புடவை தூசி படிந்து நின்றது. மார்கழியில் ஒரு காலை, இடது பிளவில் மெல்ல இருமல் திரும்பியது. வலது பிளவில் காதை அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் அது சிரிக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. இருமலுக்கும் வயதாகிக் குரல் கட்டையாகிவிட்டது. பாலு இப்போது கச்சேரிக்குப் போவதில்லை. காலையில் சுக்குத் தண்ணீர் காய்ச்சி, கிட்டாருக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்து, "ஆறிடப் போவுது, குடிச்சிடு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்குகிறான். மத்தியானம் ஏறி வந்து, காலி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான்.