இறால் செய்யாத குற்றம்

சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது என்னிடம் ஒரு நல்ல விளக்கம் தயாராக இருந்தது. நான் பிரிட்ஜ் மெக்கானிக். குழாயில் எங்கோ ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து வாயு கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு சாயத்தை ஓடவிட்டு நீல விளக்கை அடித்தால், கசிகிற இடம் மட்டும் பச்சையாக மின்னும். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். மூன்று வாரமாக வயிற்றுவலியோடு இருக்கும் என் மனைவிக்கு இதைச் சொன்னால் பயம் போய்விடும் என்று தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் டெக்னீஷியன் வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும்.

"அக்கா என்ன வேலை பாக்குறீங்க?"

"தையல், தம்பி."

"அப்ப சுலபம். வெள்ளைத் துணியில வெள்ளை நூல்ல தச்சா தையல் தெரியுமா?"

"கண்ணு போயிடும்!"

"உள்ள குடல், ஈரல், ரத்தக்குழாய் எல்லாம் படத்துல கிட்டத்தட்ட ஒரே சாம்பல் கலர்தான். இந்த மருந்து கலர் நூல் மாதிரி. எந்தத் தையல் எங்க போகுதுன்னு பளிச்னு காட்டும். அப்புறம் ஒண்ணுக்குல வெளிய போயிடும். அதுக்குத்தான் கிட்னி எப்படி இருக்குன்னு முதல்லயே ரத்தம் எடுத்துப் பாத்தோம்."

அவள் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. பதினெட்டு வருஷமாக மழை, மின்சாரம், மாரடைப்பு என்று எல்லாவற்றையும் அவளுக்கு பிரிட்ஜை வைத்தே விளக்கியிருக்கிறேன். தையல் மிஷின் எங்கள் கூடத்திலேயே நிற்கிறது. அதை வைத்து ஒன்று சொல்ல ஒருநாளும் தோன்றவில்லை. வலி அவள் வயிற்றில், எரிச்சல் என் வயிற்றில்.

"பிரிட்ஜுலயும் இதே மாதிரிதான்..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க, தம்பி சொல்லி முடிக்கட்டும்."

தம்பி தொடர்ந்தான். "மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். வாயில இரும்பு ருசி வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க. போன வாரம் ஒரு போலீஸ்காரர், வேற பேன்ட் வந்தாத்தான் இறங்குவேன்னு படுத்துட்டார். தொட்டுப் பாருங்க சார்னேன். காஞ்சு கிடக்கு!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அரிப்பு, மூச்சுத் திணறல் வந்தா மட்டும் உடனே குரல் குடுங்க. கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

பார்த்துக்கொண்டே இருப்பானாம்!

பிறகு படிவத்தை எடுத்தான். ஆஸ்துமா இல்லை. சர்க்கரை மாத்திரை இல்லை. கர்ப்பமா என்றதற்கு, "போ தம்பி" என்றாள். அலர்ஜி?

"இறால்," என்று நான் முந்திக்கொண்டேன். "பத்து வருஷம் முன்னாடி உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. இறால்ல அயோடின், உங்க மருந்துலயும் அயோடின். கவனமா இருக்கணும்."

"நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க சார். இறால் சேராததுக்கு அதுல இருக்கிற புரதம் காரணம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. முன்னாடி இந்த மாதிரி ஊசிக்கே ஏதாவது ஆகியிருந்தாத்தான் யோசிக்கணும். இப்படி ஊசி போட்டுப் படம் எடுத்திருக்கீங்களா அக்கா?"

"இல்ல தம்பி."

கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே உள்ளே போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவனை எப்படியாவது மடக்க வேண்டும் என்று அந்தப் பழைய நாளை மனதில் பிரித்துப் போட்டேன். கோளாறு எந்த நேரத்தில் ஆரம்பித்தது? எந்த மிஷினுக்கும் முதல் கேள்வி அதுதான். மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. இறால். அவள் கழுத்தைச் சொறிந்தது... அங்கே போகும் வழியில், பஸ்ஸில். இறால் அப்போது இன்னும் சட்டியில் இருந்தது.

பஸ் ஏறியது எங்கிருந்து? சிறுநீரகக் கல்லுக்கு எக்ஸ்ரே எடுத்த இடத்திலிருந்து. கையில் ஊசி போட்டு, வரிசையாக ஐந்தாறு படம் எடுத்தார்கள். வலியில் துடித்தவளுக்கு ஊசி நினைவில் இல்லை. எனக்கு இப்போதுதான் நினைவு வந்தது. ஆனால் இறால்தான் என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அவள் நம்பினாள்.

இப்போது சொன்னால் அவன் சொன்னது சரி. என்னுடைய பத்து வருஷ விளக்கம் அவன் முன்னால் பொத்தென்று விழும். படம் எடுக்கும்போது எரிகிற, கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பத்து எண்ணும் நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவைத் தட்டினேன். தட்டினேன் என்ன, இடித்தேன்.

அந்த ஊசியையும் பஸ்ஸில் வந்த அரிப்பையும் சொன்னதும் அவன் முகம் மாறியது. ஓடிப்போய் மருந்துக் குழாயைக் கழற்றிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டான். அவர் வந்து எல்லாம் விசாரித்தார். "இன்னிக்கு வேண்டாம். பழைய ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்க. மருந்தை மாத்தலாம், முன்கூட்டியே மாத்திரை குடுக்கலாம், வேற பரிசோதனைகூட பண்ணலாம். தெரிஞ்சிருந்தா வழி இருக்கு. தெரியாமப் போட்டாத்தான் ஆபத்து."

வெளியே வந்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பத்து வருஷமா நான் இறால் தொடாம இருந்தது?"

"அது வந்து, அன்னிக்கு நேரத்தைச் சரியா..."

"ஒவ்வொரு விருந்துலயும் 'உனக்கு ஆகாது'ன்னு என் தட்டுலேருந்து எடுத்து நீங்க சாப்பிட்டது?"

நான் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"கதவை இடிச்சீங்களே, அதுக்காக விடுறேன்," என்றாள். பிறகு, "போய், அந்தத் தம்பிக்கு அடுத்த வாரம் என்னிக்கு டூட்டின்னு கேட்டுட்டு வாங்க. அன்னிக்கே வரலாம்."

கேட்டுவரப் போனேன்.