கொக்கியில் எட்டுச் சீட்டு

மணி மூன்றுக்குத் தத்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "முப்பத்தேழாம் நம்பர் குழந்தைக்கு இன்னையோட அறுபது நாள் முடியுது மேடம். நாளைக்குத் தத்துப் பட்டியல்ல ஏத்திடுவோம்."

தாய்-சேய் இல்லத்தில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் சமூகப் பணியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர்க் கொக்கியைப் பார்த்தாள். முப்பத்தேழாம் எண்ணின் கீழ் இன்னும் எட்டுச் சீட்டு தொங்கியது.

விஷயம் இதுதான். மணமாகாத தாய் ஒருத்தி குழந்தையை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால், மனம் மாறிக்கொள்ள அறுபது நாள் அவகாசம் உண்டு. அதற்குள் 'குழந்தை எனக்கே வேண்டும்' என்ற மனு தத்து அலுவலகத்தில் முத்திரை வாங்கிவிட வேண்டும். அதுவரை அவள் குழந்தையைத் தூக்கக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். முன்பெல்லாம் கடைசித் தேதியை நோட்டில் எழுதிவைத்தார்கள். இல்லத்துக்குப் புதிதாக வந்த குமாஸ்தா, அறுபது சீட்டைத் துளையிட்டுக் கொக்கியில் மாட்டினார். காலையில் வந்ததும் ஒன்றைக் கிழிப்பார். மிச்சமிருக்கும் சீட்டுதான் மிச்சமிருக்கும் நாள். நோட்டைப் புரட்டவே வேண்டாம். நல்ல யோசனைதான். முப்பத்தேழாம் எண், இல்லத்தில் சுண்டெலி என்று கூப்பிடும் சின்னப் பெண்ணின் குழந்தை; அதற்குத்தான் முதன்முதலாகச் சீட்டு மாட்டினார்கள்.

"சார், தினமும் கிழிக்கிறீங்கல்ல?"

"ஒரு நாள் தவறினதில்லக்கா."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை நான் எங்க வரேன்?"

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு லீவுன்னா நாளுக்குமா சார் லீவு? எட்டு ஞாயிறு, எட்டுச் சீட்டு!"

அவர்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அவளுக்கு எரிச்சல் அதிகம். மூன்று நாளாகச் சுண்டெலி அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, பிள்ளை தனக்கே வேண்டும் என்று கேட்டாள். "இன்னும் நாள் கிடக்குடி, நல்லா யோசி" என்று கொக்கியை நம்பித் திருப்பி அனுப்பியது பெரியக்காதானே.

தையல் அறையிலிருந்து சுண்டெலியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே ஓடினாள். தத்து அலுவலகத்துக் கவுண்டரில் மணி நாலே முக்கால்; ஐந்துக்கு மூடிவிடுவார்கள்.

மனுவில் 'காரணம்' என்ற இடத்தில் மூன்று கோடு. சுண்டெலி முதல் கோட்டில் 'என் பிள்ளை' என்று எழுதி நீட்டினாள்.

"மூணு கோடு போட்டிருக்கோம்லம்மா? காலியா விட்டா மேல போகாது" என்றார் கவுண்டர்காரர்.

"ஏன் சார், இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?" பெரியக்காவின் குரல் கட்டடத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

சுண்டெலி தாளைத் திரும்ப வாங்கினாள். இரண்டாம் கோட்டில் 'என் பிள்ளை'. மூன்றாம் கோட்டிலும் 'என் பிள்ளை'.

அவர் மூன்று கோட்டையும் விரலால் தொட்டு எண்ணினார். குறை ஒன்றும் இல்லை. முத்திரை விழுந்தபோது ஐந்தாக நாலு நிமிடம்.

வாசலுக்கு வருவதற்குள் குமாஸ்தா போனில். "அக்கா, கவலைய விடுங்க. எல்லாக் கொக்கியிலயும் எட்டெட்டுச் சீட்டு சேத்துக் கிழிச்சுட்டேன்."

"போன வாரம் வந்தவளுக்குமா?"

மறுமுனையில் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"சார்!"

சுண்டெலி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அவரை அப்புறமாத் திட்டிக்கலாம்க்கா. அவனுக்குப் பால் நேரம். இன்னைக்கு நான்தான் தூக்கணும்."